கிணற்றின் கடைசி முழம்

அன்று கிணற்றடியில் நின்றவர்கள் பதினொரு பேர். கிணறு வெட்டிய செல்லையா அண்ணை, அவருடைய மூத்த மகன், இளைய மகன். காணி தந்த மரியம்மா அக்கா, அவருடைய மகள் பிலோமினா. குடையோடு வந்த, கிராமச்சங்கத்தில் எழுத்து வேலை பார்த்த இலிகிதர். எங்கள் அம்மா. அண்ணரின் மனைவியான மச்சாள், அவரின் கையில் ஆறு மாதக் குழந்தை. நான். எங்கள் அண்ணர்.

குழந்தையையும் சேர்த்துத்தான் பதினொன்று. மச்சாளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டி, ஒருவரும் விடுபடவில்லை என்று அவர் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். பெயர் விடுபடுவது அண்ணருக்கு ஆகாத காரியம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழைகளைப் பெரியவர்கள் பொறுக்க வேண்டும்.

அண்ணர் அனலைதீவின் கரைப்பக்கத்தில், தோட்டம் செய்த அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கரைப்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். நல்ல தண்ணீருக்கு ஒன்றரைக் கட்டை, ஒன்றரை மைல், நடந்து ஊர் நடுவுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு இயலாமற் போனதும் குடம் என் இடுப்புக்கு வந்தது, என் பள்ளிக்கூடம் நின்றது. அண்ணர் மட்டும் படித்துக் கூட்டுறவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

நான் பள்ளிக்கூடத்தால் நின்ற மறு வருடம் எங்கள் கடைசித் தம்பிக்கு வயிற்றோட்டம் கண்டது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றோம். எதிர்க்காற்று. பாய்வள்ளம் இரண்டு நாள் கரையிலேயே நின்றது. மூன்றாம் நாள் காற்று மாறியது. அப்போது எங்களுக்கு வள்ளம் தேவைப்படவில்லை.

ஐம்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில் அண்ணர் தம் முதல் வாக்கைப் போட்டுவிட்டு வந்தார். சந்தோஷமாக வருவார் என்று பார்த்திருந்தேன். "பிள்ளை, கரைப்பக்கத்தில பாதிச் சனத்துக்கு வோட்டர் இடாப்பில பேரில்லை" என்றார். பெயர் எழுதுகிற மாதத்தில் கடற்றொழிற் குடும்பங்கள் முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கியிருக்கும். பூட்டிய வீடுகளுக்கு யார் பெயர் சொல்வது?

பிறகு அவர் கிராமச்சங்கத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு நின்றார். வேண்டாம் என்று அழுது பார்த்தேன், கேட்கவில்லை. தோற்றார். வென்ற பகுதியார் எங்கள் படலையடியால் போகும்போது, "தண்ணி, வோட்டு, மருந்து எண்டு மூண்டு கடை போட்டவர், ஒண்டிலயும் சாமான் இல்லை" என்று எங்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

அண்ணர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மூண்டும் ஒரே கடைதான் அண்ணை" என்பார். "நல்ல தண்ணி இல்லாட்டி வயித்தோட்டம். வயித்தோட்டத்துக்கு மருந்து வேணும். மருந்துக்கு வள்ளம் வேணும். வள்ளத்துக்குச் சங்கம் காசு ஒதுக்கவேணும். சங்கத்தைக் கேக்க வோட்டு வேணும். எந்த வாசலால வந்தாலும் உள்ளுக்கை நான்தான் நிக்கிறன்."

அடுத்த முறை அவர் முந்திக்கொண்டார். குடும்பங்கள் வாடிக்குப் புறப்பட முதலே ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வீடு வீடாகப் போனார். மரியம்மா அக்கா அப்போதே கைம்பெண். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்ர பேரை எழுதிப்போட்டு என்னட்ட என்ன கேக்கப்போறீர் தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா. எனக்குப் போடாட்டிலும் பறவாயில்லை. வந்து போடுங்கோ, அது காணும்."

"இப்பிடிச் சொல்லுற ஆளுக்குப் போடாமல் விட்டால் மாதா கோவிப்பா" என்றாராம் அக்கா.

அண்ணர் வென்றார்! மரியம்மா அக்கா வீட்டுக்கே வந்து, "வோட்டு மட்டும் காணுமே? என்ர வளவில ஒரு மூலையையும் எடும், கிணத்தை வெட்டும்" என்றார். அப்படி வெட்டிய கிணற்றடியில்தான் அந்தப் பதினொரு பேரும் நின்றோம்.

செல்லையா அண்ணை உள்ளே இறங்கி அலவாங்கால் பாறையைக் கொத்துகிறார். மகன்மார் கல்லை மேலே இழுக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டது. திடீரென்று கொத்துகிற சத்தம் நின்றது. கீழேயிருந்து ஒரு தகரப்பேணி வாளியில் ஏறி வந்தது, அரைப்பேணி கலங்கல் தண்ணீர். குடித்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. இலிகிதரிடம் நீட்டினால், "நான் சாட்சிக்கு வந்தனான், குடிக்க வரேல்லை" என்று குடைக்குள் பதுங்கினார். அம்மா வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"சொல்லுங்கோவன் அம்மா!"

"தேத்தண்ணி வை பிள்ளை" என்றார் அம்மா.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்! பிலோமினா வளவைச் சுற்றி ஓடினாள். இலிகிதர் குடையை எறிந்துவிட்டுச் செல்லையா அண்ணையின் மகன்மாரைக் கட்டிப்பிடித்தார், வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு. அண்ணர் குழந்தையைத் தூக்கி ஒரு சொட்டை அதன் நாக்கில் வைத்தார். மரியம்மா அக்காவின் அடுப்பில் நான் தேத்தண்ணி வைத்தேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். கரைப்பக்கத்தில் உப்புக் கரிக்காத முதல் தேத்தண்ணி அது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வருகிற யோசனைகள் எல்லாம் பயத்தில் வருபவை.

"அண்ணை, ஆடியில வத்தினால்? இன்னும் ஒரு முழம் வெட்டினால் என்ன?" என்று அண்ணரிடம் கேட்டேன்.

கல் ஒதுக்கத் திரும்பவும் இறங்கியிருந்த செல்லையா அண்ணையின் குரல் கீழேயிருந்து வந்தது. "ஆரது மேல கதைக்கிறது? இது தீவுக் கிணறு பிள்ளை. நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேல மிதக்குது. அங்கால வெட்டினால் கடல்தான் வரும்."

"ஒண்டரைக் கட்டை நடந்தவளுக்குத்தான் தெரியும்" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. அண்ணர் என்னைப் பார்த்தார், என் இடுப்பில் குடம் தேய்த்த தழும்பைப் பார்த்தார்.

"ஒரு முழம் வெட்டுங்கோ செல்லையாண்ணை."

"வேண்டாம் தம்பி. சொல்லுறதைக் கேளும்."

"ஆடியில வத்தினால் இவள் திரும்பக் குடம் தூக்கவேணும். வெட்டுங்கோ."

வெட்டினார். மறுநாள் காலை அம்மா அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டார். மத்தியானம் வரை அவித்தும் பருப்பு கல்லாகவே கிடந்தது. கிணறு உவராகிவிட்டது.

ஊர் சிரித்த சிரிப்பு! அண்ணரைக் கண்டால் "உப்பு மெம்பர் வாறார், புளி வேண்ட மறந்திடாதையுங்கோ" என்பார்கள். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. சங்கக் கூட்டத்தில், செல்லையா தடுத்தும் வெட்டச் சொன்னது யார் என்று விசாரணை நடந்தது. அண்ணர் எழுந்து, "நான்தான். என்ர அவசரம்" என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டார். பக்கத்திலிருந்த இலிகிதருக்கு எல்லாம் தெரியும். அவர் குனிந்து அதை அப்படியே அறிக்கையில் எழுதினார்.

செல்லையா அண்ணைதான் வழி சொன்னார். வெட்டிய முழத்தைக் கல்லும் வெள்ளை மணலும் போட்டு மூடவேண்டும், மாரி மழை இறங்கும் வரை ஒருவரும் அள்ளக்கூடாது. மூடுவதற்குச் சங்கம் காசு தர மறுத்தது. அண்ணர் தம் சம்பளத்தில் மாதா மாதம் கட்டினார். நான் திரும்பவும் குடம் தூக்கினேன். மழை பெய்த ஒவ்வொரு நாளும் அண்ணர் நனைந்துகொண்டே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

தைப்பொங்கலன்று காலை பிலோமினா ஓடி வந்தாள். "அக்கா, இனிக்குது! வாங்கோ, இனிக்குது!" நாங்கள் அந்தத் தண்ணீரில் பொங்கினோம். மரியம்மா அக்கா வீட்டாரும் வந்து சாப்பிட்டார்கள்.

கிணற்றுக் கட்டில் அண்ணர் தம் கையாலேயே எழுதினார்: யாரும் அள்ளலாம், மெசின் வைக்கக்கூடாது, மத்தியானம் கிணறு ஆறவேண்டும். ஒரு நாள் தோட்டக்காரர் ஒருவர் இறைக்கிற மெசினை வண்டிலில் கொண்டு வந்து இறக்கினார். அண்ணர் கிணற்றுக் கட்டின் மேல் ஏறி இருந்து, "என்னையும் சேர்த்து இறையுங்கோ" என்றார். அவர் சிரித்துவிட்டு வண்டிலைத் திருப்பினார்.

மூன்றாவதான மருந்துக் கடைக்கும் சாமான் வந்தது. நோயாளருக்கென்று ஓர் இயந்திர வள்ளம் எப்போதும் எண்ணெயோடு கரையில் நிற்க, குடும்பங்கள் முறை வைத்துக் காவலிருக்க ஒழுங்கு செய்தார். பிலோமினாவுக்குப் பிள்ளைப்பேறு சிக்கலானபோது எதிர்க்காற்றில்தான் போனார்கள். தாயும் பிள்ளையும் திரும்பி வந்தார்கள். அன்று அண்ணர் கடற்கரையில் சிறுபிள்ளை போலக் கைதட்டினார்.

சென்ற மாதம் அண்ணருக்கு நெஞ்சு நோவு வந்தது. அன்று முறை பிலோமினாவின் கணவருடையது. வள்ளத்தில் ஏற்றியபோது, "இதுக்குக் கையெழுத்து வைச்சனான், ஏறிப் பாக்காமல் போகேலாதே" என்றார். ஆஸ்பத்திரியில் நாலு நாள். போத்தலில் நம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோனேன். குடித்துவிட்டு, "செல்லையாண்ணைக்கு இன்னும் குடுக்கக் கிடக்குது" என்றார்.

"அண்ணை, அது நான் கேட்ட முழம்."

"தெரியுமடி. அந்த வயதில உன்னை ஆர் கடலை வெட்டச் சொன்னது?" என்று சிரித்தார். அதுதான் நான் கண்ட கடைசிச் சிரிப்பு.

இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், முறை வள்ளக் குடும்பங்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த மரியம்மா அக்காவுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், தந்தி அடித்தவர்களுக்கும், இதை எழுத்துப் பிழை பார்த்துத் தந்த இலிகிதர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மூடிய கூலியை வாங்கிய செல்லையா அண்ணை, அந்தக் கடைசி முழத்தை வெட்டிய கூலியை மட்டும் வாங்கவே இல்லை. அண்ணர் வருடா வருடம் கொண்டுபோவார். "வெட்டக்கூடாததை வெட்டினதுக்குக் கூலி வேண்டினால் என்ர அலவாங்கே சிரிக்கும்" என்று திருப்பி அனுப்புவார். இப்போது அவருக்குக் கண் தெரியாது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்திருந்தார்.

வெட்டச் சொல்லிக் கேட்டவள் நான். அன்று நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் இத்தனை காலம் வாய் திறக்கவில்லை. கிணறு எந்த ஆடியிலும் வற்றவில்லை. செல்லையா அண்ணை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று பந்தியில் இருக்க முன்னர் என் கையால் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பதினெட்டு ரூபா.