செம்பியை விட்டு வந்த கரை

வண்டியின் பக்கக் கண்ணாடியில் இரண்டு நாய்கள் ஓடி வந்துகொண்டிருந்தன. முன்னால் செம்பி, அவளுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே ராஜா. "திரும்பிப் பாக்காதீங்க அத்தான், எடுங்க!" என்று கத்தியது நான்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். அன்றைக்கு மட்டும் அது ஊமையாகியிருக்கக் கூடாதா என்று இன்றும் அடித்துக்கொள்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். படப்பிடிப்புகளில் நடிகர்கள் உடைமாற்றி ஓய்வெடுக்கும் கேரவன் வண்டியை ஓட்டுபவர். பம்பாய் தாராவியில் எங்கள் சந்தில் கண் திறக்காத குட்டிகளாகக் கிடந்த இரண்டையும் பால் புகட்டி வளர்த்தார். சந்து முழுவதையும் இடிக்கப் போகிறார்கள் என்றானபோது கோவண்டியில் ஏழாவது மாடியில் மாற்று வீடு கிடைத்தது. நாய் வளர்ப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்றார்கள் கட்டடக் கமிட்டிக்காரர்கள். அக்கா போட்டுவிட்டாள். வயசுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு பொதுக் கக்கூஸ் வரிசையில் எத்தனை வருஷம் நின்றவள் அவள்! அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அத்தான் மாஹிம், சுனாபட்டி என்று தெரிந்தவர் வீடெல்லாம் ஏறிக் கெஞ்சினார். ஒருவரும் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாக இல்லை. வீட்டைக் காலி செய்ய நாலே நாள் இருந்தது.

அப்போதுதான் கொங்கண் கரையில் ஒரு மீன்பிடி ஊருக்குப் படப்பிடிப்பு உடுப்புப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டம் அவருக்கு வந்தது. "மீன் ஊருல நாய்க்கு என்ன குறைச்சல் அத்தான்? ராசா மாதிரி இருக்கும்" என்றேன். அவர் ராஜாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீயும் கூட வா பிள்ள. எனக்குத் தனியா விட்டுட்டு வரத் தைரியம் இல்ல" என்றார்.

போகும் வழியெல்லாம் கூத்துதான். கதாநாயகி சாயும் சோபாவில் ராஜா மல்லாந்து கிடந்தான். பல்பு மாட்டிய ஒப்பனைக் கண்ணாடியில் தன்னையே பார்த்து செம்பி தொண்டை வறளக் குரைத்தாள். ஏசி காற்றில் இரண்டும் தூங்கிப்போயின. மலை இறக்கத்தில் கடல் தெரிந்ததும் அத்தான் வண்டியை ஓரங்கட்டி, இரண்டையும் தூக்கி ஜன்னலில் காட்டினார். அவ்வளவு அழகான கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கடலைப் பார்க்கவே இல்லை. ராஜாவின் காதிலிருந்து ஒரு உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பெட்டிகளை இறக்கிவிட்டு, படகுகள் ஒதுங்கும் கரையில் இரண்டுக்கும் சோறு வைத்தார். ஒரு வாய்கூடத் தின்றிருக்காது, படகுகளுக்கு அடியிலிருந்து கரை நாய்கள் ஏழெட்டு பாய்ந்து வந்தன. ராஜாவின் பின்னங்காலைக் கடித்துக் குதறிவிட்டன. அத்தான் கல்லெடுத்து விரட்டினார். அட பாவி மனுஷி, எங்கள் சந்து நாய் பக்கத்துச் சந்துக்குள் தலையை நீட்டினாலே அந்தச் சந்து நாய்கள் சும்மா விடாது என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். மீனைப் பற்றி யோசித்தேனே தவிர அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்களைப் பற்றி யோசிக்கவில்லை. அத்தான் கதவைத் திறந்து, "ஏத்திருவோம் பிள்ள" என்றார். அப்போதாவது சரி என்றிருக்கலாம். "ஏத்திக் கொண்டுபோயி எங்க வைப்பீங்க? ரெண்டு நாள்ல பழகிரும்" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். வண்டியை எடுத்தார்.

மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இருவரும் பஸ் பிடித்துப் போனோம். கேரவன் நின்ற அதே இடத்தில் செம்பி உட்கார்ந்திருந்தாள், விலா எலும்பு தெரிய. ஒருவரையும் அண்டவிடாமல் உறுமிக்கொண்டே இருந்ததாகவும், வைத்த மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றும் மீன்காரம்மா ஒருத்தி மராத்தியில் சொன்னாள். ராஜாவைப் பற்றிக் கேட்டதற்குக் கையை விரித்தாள். பொழுது சாயும்வரை ஒவ்வொரு படகுக்கு அடியிலும் குனிந்து அத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போய்க் கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. ராஜா கிடைக்கவில்லை. பம்பாய்க்கு மீன் ஏற்றி வந்த டெம்போவின் பின்பக்கத்தில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், செம்பியை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

இன்று அக்காவும் பிள்ளைகளும் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். அத்தான் கேரவன்கள் நிறுத்தும் கொட்டடியில், ஒரு தகர அறையில், செம்பியோடு இருக்கிறார். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்விட்டு வருவார். அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அத்தானோ ஒரு நாளும் என்னைச் சொல்லிக்காட்டியதில்லை. ஒருமுறை நானே ஆரம்பித்து உடைந்து அழுதபோது, "ஸ்டீயரிங் என் கையிலதான இருந்துச்சு. நீ எதுக்கு அழுவுத?" என்றார்.

ஞாயிறுதோறும் கறியும் சோறுமாகப் பிசைந்து எடுத்துக்கொண்டு போகிறேன். கொட்டடியில் கிளீனர், வாட்ச்மேன், டீ கொண்டுவருகிறவர், யார் கொடுத்தாலும் செம்பி வாங்கித் தின்பாள். என்னைக் கண்டால் எழுந்து அத்தானின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நான் தட்டை வைத்துவிட்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் அவள் தின்கிறாள்.