பெயரில்லாத டைரக்டரி

ராஜபாளையத்து மில் ஆபீஸில், எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு யாரும் நுழையக் கூடாது. தூசிக்காக என்று நினைத்திருந்தேன். வைரஸுக்காக மேனேஜர் போட்ட சட்டம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டரில் ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு 255 என்று தட்டினால் ஓர் எழுத்து விழும், கண்ணுக்குத் தெரியாது. அதையே பெயராக வைத்து, ஃபைல் போட்டுவைக்க ஒரு டைரக்டரி செய்திருந்தேன். பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கும். உள்ளே ஒரே ஒரு கடிதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இன்னொரு மில்லுக்கு எழுதிய வேலை விண்ணப்பம். தினமும் பஸ் படியில் ஒற்றைக் காலில் தொங்கி வருகிறவனுக்கு அது மோட்சத்துக்குப் போட்ட மனு. ஆனால், வேறு இடம் தேடுகிறான் என்று காதில் விழுந்த அன்றே ஒருத்தனைக் கணக்கு முடித்து கேட் வரை கொண்டுபோய் விட்டவர் எங்கள் மேனேஜர்.

ஒரு திங்கட்கிழமை அவர் பட்டியலைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, இது என்னது? பேரே இல்லாம ஒண்ணு உக்காந்திருக்கு?"

"தெரியலையே சார்" என்றேன்.

பெயருக்குப் பதில் இடைவெளியைத் தட்டி அழித்துப் பார்த்தார். அழியவில்லை. "வைரஸ்தான். எவனோ செருப்போட வந்திருக்கான்" என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டரையே மொத்தமாகத் துடைத்து ஃபார்மட் செய்ய ஃப்ளாப்பியைச் செருகினார்.

வெட்கத்தோடு சொல்கிறேன், 'தப்பித்தேன்' என்றுதான் முதலில் தோன்றியது. கடிதமும் சாம்பல், சாட்சியும் சாம்பல்.

சத்தம் கேட்டு, நூலைச் சோதிக்கும் லேப் அக்கா ஓடி வந்தார். "சார், நூல் டெஸ்ட் ரிப்போர்ட்டு அம்புட்டும் இதுலதான இருக்கு! ஒரு மாசமா அடிச்சேன்."

"காப்பி இருக்கும்லா?" மேனேஜர் என்னைப் பார்த்தார்.

வாராவாரம் ஃப்ளாப்பியில் காப்பி எடுப்பது என் பொறுப்பு. எடுத்ததாக நோட்டில் கையெழுத்து மட்டும் வாரம் தவறாமல் போட்டிருந்தேன். தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் சுழற்றினேன்.

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. அவர் விரல் சம்மதம் சொல்லும் ஒய் பொத்தானுக்கு மேல் வந்துவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அமுக்காதீங்க! வைரஸ் இல்ல. நான்தான் வச்சேன்."

"நீயா? தொற."

அவசரத்தில் 254 விழுந்தது, 225 விழுந்தது. திரையில் என்னென்னவோ முளைத்தது. நாலாவது தடவை திறந்தது. அவர் கடிதத்தை நிதானமாக வாசித்தார். என் மனசு அதற்குள் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டது.

"பொறுப்பானவன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"காப்பி எடுக்கல, அப்படித்தான?"

"எடுக்கல சார்."

"அப்ப இத இன்னைக்கே அனுப்பு. அந்த மில்லுக்காரனும் கொஞ்சம் அனுபவிக்கட்டும். அவன் கூப்புடுற வரைக்கும் இங்கனதான் கெட. மொதல்ல காப்பிய எடு."

அனுப்பினேன். இன்றுவரை அவர்கள் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வரை காப்பி எடுத்தேன். அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் பெயர் எழுதி ஒட்டினார். பெயரில்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக என் சட்டைப்பையையும் ஒரு பார்வை பார்த்தார்.