உப்பளத்தில் விடிய விடிய ஓர் ஆட்டம்

வாலிநோக்கம் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து நடனக்குழு ஒன்று வந்து எங்கள் வகுப்பறைகளில் தங்கியது. உப்பளத்தில் ஓர் இரவு முழுக்க ஆடப்போவதாகச் சொல்லி ஊர்க்காரர்களையும் ஆசிரியர்களையும் அழைத்தார்கள்.

“ராத்திரியில நீ ஒத்தையில போவியா? நானும் வாரேன்” என்றார் என் கணவர். அபிராமத்தில் மிளகாய் விவசாயம் பார்க்கிறவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அங்கே மேடை இல்லை, மைக் இல்லை, நாற்காலியும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்புகளில் நிற்கச் சொன்னார்கள். நிலவு ஏறியதும், பாத்திகளின் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கால் தண்ணீரை அளையும் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான் இசை. வரப்பில் நின்றதோ, முளைப்பாரித் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகிய சனம்.

“பாட்டு இல்லாம என்ன ஆட்டம்?” என்று என் பக்கத்தில் நின்ற உப்பளத்துப் பெண் முணுமுணுத்தாள். ஆனால் போகவில்லை.

ஆட்டக்காரர்கள் எங்களுக்குள்ளேயே புகுந்து ஆடினார்கள். ஓடி வந்து, கை எட்டும் தூரத்தில் சட்டென்று நிற்பார்கள். வியர்வை வாடை முகத்தில் அடிக்கும். அவர்கள் நடந்தால் நாங்களும் பின்னால் நடந்தோம். குதிகால் வெடிப்பில் உப்பு எரிந்ததைக்கூட நான் பிறகுதான் உணர்ந்தேன்.

நடுச்சாமம் தாண்டியதும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் பார்வையாளரில் ஒருவர் முன்னால் வந்து நின்றார். என் முன் நின்றவள் என் உள்ளங்கையை எடுத்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டாள். உள்ளே நெஞ்சு அடித்த அடி என் தோள்வரை ஏறியது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். ஆனாலும் ஓர் உடம்பு உயிரோடு இருப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் மகள் வயது ஆட்டக்காரப் பெண் ஒருத்தி கண்ணை மூடி என் கணவர் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள். யாராவது தொட்டுப் பேசினாலே விலகுகிற மனிதர் அவர். உதறிவிடுவாரோ என்று பயந்தேன். அவள் நெற்றி அவர் தோளில் பதிந்தது. அவர் கை சிறிது நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு மெல்ல அவள் முதுகைத் தாங்கியது.

வெகுநேரம் அப்படியே நின்றார். பஸ் எப்போதோ போயிருந்தது. நான் பக்கத்தில் போய், “கால் வலிக்கலையா?” என்றேன்.

“சும்மா இரு. பிள்ளைக்கு இப்பத்தான் மூச்சு அடங்குது.”

கிழக்கு வெளுத்தபோது பாத்திகள் பாலாய்க் கிடந்தன. அந்தப் பெண் கண் திறந்து அவரைப் பார்த்தாள். மற்றவர்களோடு தண்ணீருக்குள் இறங்கி நடந்து, வெளிச்சத்தில் சிறுத்துப் போனாள். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு டீக்கடையில் அவளைப் பார்த்ததும், “எந்த ஊரு தாயி?” என்றார் என் கணவர்.

“கோயம்புத்தூர், அய்யா.”

எங்கள் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வேறெதுவும் கேட்காமல் அவளுக்கும் ஒரு டீ சொன்னார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, “அம்புட்டு நேரமும் என்ன நெனச்சுக்கிட்டு நின்னீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் நெனைக்கல” என்றார். “விழுந்திரக் கூடாதுன்னு மட்டும் இருந்துச்சு.”