சகலை வரைந்த நகரம்

என் சகலை நல்லவன். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்; வேலையும் ஒரே நகரமைப்பு அலுவலகத்தில். நான் நில அளவையாளன், இருபது வருடமாக மண்டை காய வெயிலில் நிற்பவன். எனக்கு எட்டு வருடம் பின்னால் வந்த அவன் ஏசி அறையில் உட்கார்ந்து எதிர்கால நகரத்தை வரைகிறான்.

கார் நுழையாத தெருக்கள், கூரையெல்லாம் சூரியத் தகடு, மழைநீரை வாங்கி மண்ணுக்குள் அனுப்பும் பள்ளப் பூங்காக்கள். அட்டையில் மாதிரி வேறு செய்து வைத்தான். மாமனார் அதைப் பார்க்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சின்ன மாப்பிள்ளைக்கு என்ன மூளை, பாத்தீங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

"ஆமா மாமா" என்றேன். வேறென்னத்தைச் சொல்ல?

திட்டப் பிரிவின் தலைவர் பதவி காலியாக இருந்தது. மூப்புப்படி எனக்கு வர வேண்டியது; அடிபட்டதோ அவன் பெயர். ஓர் ஓட்டையாவது இருக்காதா என்று லீவு போட்டு, அவன் வரைபடத்தோடு போய் மூன்று நாள் அந்த நகரம் வரப்போகும் இடத்தை அளந்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவன் சொன்ன ஆழத்துக்குத் தோண்டினாலும் பெரிய பூங்கா சாலையைவிட அரை அடி மேலேதான் நிற்கும். மழைத் தண்ணீர் எதிர் வீடுகளுக்குள் போகும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நானா சொல்வேன்?

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன்.

"தரைமட்டம் யார் எடுத்தது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

சகலை கோப்பைப் புரட்டி ஒரு தாளில் நிறுத்தினான். என்னை ஒருமுறை பார்த்தான். பக்கத்தில் இருந்த எனக்கும் தெரிந்தது: ஏழு வருடப் பழைய அளவு, கீழே என் கையெழுத்து. அந்த வருடம் நூறு இடம் அளந்தேன், எதை ஞாபகம் வைப்பது?

அவன் கோப்பை மூடினான். "தப்பு என்னோடதுதான் சார். பழைய அளவை நம்பி வரைஞ்சிட்டேன், மறுபடி அளக்கச் சொல்லியிருக்கணும். நல்லவேளை, அண்ணன் பாத்தாரு."

பதவி எனக்கு வந்தது. மாமனார் வீட்டில் விருந்து. எனக்குப் பரிமாறச் சொல்லிக்கொண்டே, "அண்ணன் கண்ணுக்கு எதுவும் தப்பாது மாமா" என்றான் சகலை.

கிண்டலா என்று அவன் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். துளிகூட இல்லை. இருந்திருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.