பட்டாளத்துக்கு வாங்கிய காளை

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்த காலம். பட்டாளத்து வண்டிகளுக்குக் காளை வாங்கும் துரையிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். சிங்கம்புணரிச் சந்தையில், விலை பேசி முடித்த தன் காளையின் கயிற்றை விடாமல் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

“சண்டை முடிஞ்சதும் திருப்பித் தருவீகளாய்யா?”

“தரமாட்டாகம்மா,” என்றேன்.

அவள் பணம் வாங்காமல் காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். துரை என்னைச் சத்தம் போட்டார். எனக்கென்னவோ மனம் நிம்மதியாகவே இருந்தது.

அவ்வருடம் மழை பெய்யவில்லை. சில மாதங்களில் அவளே அந்தக் காளையோடு வந்தாள். மெலிந்துவிட்டதென்று துரை விலையைக் குறைத்தார்.

“வைக்கோல் இல்லைய்யா. அங்குட்டுப் போனா தீனியாச்சும் போடுவாகள்ல?”

சண்டைக்குக் கொண்டுபோகும் கப்பலிலேயே பல மாடுகள் செத்துப்போவதாகத் துரை சொல்லிக் கேட்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லாமல் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.