விளக்கில் பார்த்த முட்டை

நாமக்கல் கண் முகாமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், குஞ்சு பொரிப்பகத்தில் முட்டைகளை விளக்கொளியில் வைத்துச் சோதித்து, பொரியாதவற்றைக் கழித்துவிடுபவராம். பேசும்போதும் இடக்கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இல்லாத முட்டையொன்றை விரல்களுக்கிடையே ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சர்க்கரை வந்துவிடவில்லை, வரம்பில்தான் நிற்கிறது. ஆனாலும் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். கணினித் திரையில் இரத்தக் குழாய்கள் தெரிந்ததும் அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏழு நாள் முட்டையாட்டமே நரம்போடுதுங்க. இந்த ஓரத்துல மட்டும் செவப்பா ஒரு பொட்டு."

டாக்டர் பேனா முனையால் காட்டியதும் அதே பொட்டைத்தான். "சர்க்கரையால வர்ற பாதிப்புக்கு ஆரம்பம்தான். ஆறு மாசத்துல மறுபடி பாக்கணும்" என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டைக்காரரிடம் கேட்டேன்: "முட்டையில பொட்டிருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"ரெண்டு நாள் கழிச்சு மறுக்காப் பார்ப்போமுங்க."

"அப்பவும் இருந்தா?"

உருட்டிக்கொண்டிருந்த விரல்கள் அப்போதுதான் நின்றன.