பேனரில் இருந்த உருதுப் பிள்ளை

1. முதலில் பேனர்

யார் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று முடிவாவதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது. எங்கள் நூலகத்தில் எல்லாக் காரியமும் இந்த வரிசையில்தான் நடக்கும். பேனரை அடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும் என்பது எங்கள் செகரட்டரியின் நம்பிக்கை.

மும்பை தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோடுக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன நூலகம் அது. சிறுவர் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண், "விழா நடத்தறதுக்கு ஏதாவது டிப்ஸ் குடுங்க மேடம்" என்று போனில் கேட்டாள். டிப்ஸ் கொடுக்கும் அளவுக்கு எந்த விழாவும் ஒழுங்காக நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு விழாவில் நடந்ததை அப்படியே எழுதித் தருகிறேன்.

பேனரில் "பல மொழி, ஒரே வாசிப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஐந்து பிள்ளைகளின் படம். மராத்திக்கு ஒன்பது கஜம் சேலை கட்டிய சிறுமி, ஹிந்திக்குக் குர்தா போட்ட பையன், தெலுங்குக்குப் பாவாடை கட்டிய சிறுமி. தமிழுக்கு வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்ட பையன். உருதுக்கு முக்காடு போட்ட சிறுமி. எல்லார் கையிலும் புத்தகம் இருந்தது. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செகரட்டரி மாட்டுங்காக்காரர். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குணத்தில் தங்கம்தான், ஆனால் காலியாக ஒரு கட்டம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"உருதுக்கு நம்ம ஃபாத்திமாவைப் போட்டுட்டேன்" என்றார்.

"சார், அவளுக்கு உருது தெரியாது. வீட்ல தமிழ்தான் பேசறாங்க."

"என்னம்மா சொல்றேள்? பேரைப் பாத்தாலே தெரியறதே!"

"திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரங்க சார். நம்மகிட்ட வர்ற பிள்ளைங்கள்ல தமிழ் நல்லா வாசிக்கறதே அவதான்."

"அப்படியா? பேஷ், பேஷ். ஆனா பேனர் அடிச்சாச்சே."

2. நத்தையின் கதை

ஃபாத்திமாவுக்கு அப்போது பதினொரு வயது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தாள். வாப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்துதான் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். கற்ற கையோடு அலமாரியில் இருந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டு, "புதுசு எப்ப வரும் டீச்சர்?" என்று என் உயிரை வாங்குவாள்.

விழாவில் வாசிக்க அவளே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒரு நத்தையின் கதை. அவள் உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் மேடையில் தமிழ் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று உம்மா அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தார்.

செகரட்டரி கதையைப் புரட்டிப் பார்த்தார். "நன்னாயிருக்கே! இதை ஆதித்யாவுக்குக் குடுத்துடுங்கோ" என்றார்.

ஆதித்யா அவருடைய அக்கா பேரன். அணுசக்தி நகரில் இருந்தான். தமிழ் பேசினால் புரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவனுடைய அம்மா முதல் இரண்டு பக்கத்தை ஹிந்தி எழுத்தில் எழுதி, புத்தகத்துக்குள் ஒட்டிக் கொடுத்தார். மும்பையில் இது புதிதில்லை. பேச்சுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் மேசையைத் தட்டி முழங்கும் தமிழில் பாதி, ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்த தமிழ்தான்.

ஃபாத்திமா பேனரில் இருந்த முக்காட்டுச் சிறுமியை அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், இது யாரு?"

"நீதானாம்."

"எனக்கு உருது ஒரு வார்த்த தெரியாது டீச்சர். மதரசால அரபி எழுத்தக் கூட்டுவேன், அம்புட்டுதான்."

பக்கத்தில் நின்ற செகரட்டரி முகம் மலர்ந்து, "அது போறும்மா! ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும். அர்த்தமெல்லாம் யார் கேக்கப்போறா?" என்றார்.

அவர் போனதும் அவள் என்னிடம், "என் கதைய எதுக்கு டீச்சர் அவனுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். மறுபடியும் போய்ச் சண்டை போட்டேன். செகரட்டரி எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். மாற்றம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவளுடைய வாப்பா வந்தார்.

"சார், யாவாரத்துக்கு ஹிந்தி பேசுதோம், ஆபீசுக்குப் போனா மராத்தி பேசுதோம். வீட்ல தமிழ்தான். எங்க வீட்ல உருது பேசுனா பூன கூடத் திரும்பிப் பாக்காது."

"பாய், மொழிங்கறது எல்லார்க்கும் பொதுதானே" என்றார் செகரட்டரி, கையைக் கூப்பி.

"அப்ப அந்தத் தமிழ எங்க பிள்ளைக்குத் தாங்களேன்."

"தமிழுக்கு ஆள் போட்டாச்சே!"

வாப்பா எழுந்துவிட்டார். "அப்ப பிள்ள வராது" என்றார். ஃபாத்திமாதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் வாரேன் வாப்பா. உம்மா எல்லாருகிட்டயும் சொல்லிட்டாங்க. மேடையிலயாது ஏறிக்கிடுதேன்" என்றாள். பக்கத்துச் சந்தில் இருந்த லக்னோக்காரத் தையல்காரர் ஒருவர் நாலு வரி வரவேற்பை உருதுவில் அவளை மனப்பாடம் செய்யவைத்தார்.

3. விழா

வாசிப்பு விழா அன்று புத்தக அலமாரிகளைப் பூட்டிவிட்டோம். கூட்டத்தில் யாராவது புத்தகத்தை எடுத்துவிடுவார்கள் என்று செகரட்டரி பயந்தார்.

முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள், பின்வரிசையில் தாராவித் தாய்மார்கள். தலைமை விருந்தினர் ஐரோலியில் ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மும்பைக்கு வந்து வெகுகாலம் ஆனவர். ஃபாத்திமா உருது அட்டை தொங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, நாலு வரியையும் பிசகாமல் ஒப்பித்தாள். அடுத்து ஆதித்யா வந்து இரண்டு பக்கத்தையும் கணீரென்று வாசித்து முடித்தான். கைதட்டினோம்.

விருந்தினருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏன் நிறுத்திட்ட தம்பி? நத்தைக்கு வீடு கெடைச்சுதா இல்லையா? அடுத்த பக்கம் வாசி" என்றார்.

ஆதித்யா பக்கத்தைத் திருப்பினான். அங்கே தமிழ் இருந்தது. அம்மாவைப் பார்த்தான், செகரட்டரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாவம், அழுதுவிடுவான் போல இருந்தது.

ஃபாத்திமா உருது நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினாள். அவன் தப்பித்தோம் என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டான். அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரக் காக்கா நத்தையைக் கேள்வி கேட்கும் இடம் அது. வீட்டில் எத்தனை பேர், மீன் சமைப்பீர்களா, விருந்தாளி வருவார்களா என்று கேட்டுவிட்டு, கடைசியில் "நீங்க என்ன ஆளுக?" என்கிறது காக்கா. "நான் நத்தை ஆளுங்க." "அடடா, நத்தைக்கெல்லாம் நாங்க குடுக்கறதில்லையே!"

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. மாறி மாறி வீடு தேடியபோது அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்தவர்கள் அவர்கள். ஃபாத்திமாவின் உம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மழை வந்ததும் நத்தை தன் ஓட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, காக்கா நனைகிறது என்று முடித்தபோது அரங்கமே அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

விருந்தினர் மைக்கை வாங்கினார். "என்ன அழகு! ஒரு உருதுக் குழந்தை நம்ம தமிழை இவ்வளவு சுத்தமா வாசிக்குதே! நம்ம பிள்ளைங்க வெக்கப்படணும்!"

ஃபாத்திமா மைக்குக்கு எட்டி, "சார், நான் தமிழ்தான்" என்றாள்.

"கேட்டீங்களா? 'நான் தமிழ்தான்'ங்கறா! இதுதாங்க இந்த விழாவோட ஸ்பிரிட்!"

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. சொந்த ஊரில் அவர் தெருவிலேயே தமிழ் பேசும் முஸ்லிம்கள் இருந்திருப்பார்கள். அங்கே அவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. மும்பைக்கு வந்தபிறகு தலைக்கு மேலே தொங்கும் பேனரை நம்பிவிடுகிறோம்.

வேற்றுமொழிக் குழந்தையின் சிறந்த தமிழ் வாசிப்புக்கென்று அங்கேயே ஒரு சிறப்புப் பரிசை உண்டாக்கினார்கள். மேசையில் கைக்குக் கிடைத்த புத்தகத்தை வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்தார்கள். பிரித்தால் படம் போட்ட தமிழ் அரிச்சுவடி.

4. அதற்குப் பிறகு

நான் கூனிக்குறுகி உம்மாவிடம் போனேன். "அவரு என்னமும் சொல்லிட்டுப் போறாரு டீச்சர். நாங்க சிரிச்சோம்லா, அது போதும்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஃபாத்திமாவுக்கு இல்லை.

"மைக்லதான டீச்சர் சொன்னேன்? பொறவும் ஏன் கேக்கல?" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆதித்யா தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அரிச்சுவடியை எடுத்துக்கொண்டு ஃபாத்திமா அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். "இந்தா, இது ஒனக்குள்ள பிரைஸு. எனக்கு மாத்திக் குடுத்துட்டாங்க" என்றாள். அவனும் சண்டைக்குப் போகாமல், "தேங்க்யூ" என்று வாங்கிக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வரிசை எழுத்தை அவனிடமிருந்து கறந்துவிட்டாள். என்னைவிடக் கண்டிப்பான டீச்சர்.

மறு வருஷம் விழாப் பேச்சு வந்தபோது நான் கறாராக இருந்தேன். "பிள்ளைங்களைக் கேக்காம இந்தத் தடவை ஒண்ணும் போடக்கூடாது சார்" என்றேன். செகரட்டரி உடனே ஒப்புக்கொண்டார். போன வருஷத்து வெற்றியில் அவருக்கு மனசு விசாலமாகியிருந்தது. ஃபாத்திமாவை அருகில் அழைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, உன்னோட மொழி என்ன?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"நீங்களே எழுதிக்கிடுங்க சார். நான் வாசிக்கதுக்கு மட்டும் வாரேன்" என்றாள்.

"என்ன அடக்கம் பாருங்கோ!" என்று அவர் என்னிடம் பூரித்துப்போனார்.

புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பிள்ளைகளை முதல் தடவையே கேட்டுவிட வேண்டும். இரண்டாம் தடவை அவர்கள் சொல்வதில்லை.